இங்கிலாந்தின் வின்செஸ்டரிலிருந்து அம்மாவுக்கு

கர்த்தருக்குள் மிகவும் அன்பான அம்மாவுக்கு,

மகள் எழுதிக்கொள்வது. கர்த்தருடைய கிருபையால் இங்கே நான் சுகம். நீங்களும் அப்பாவும் தம்பியும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். பார்சல் வந்து சேர்ந்தது. முறுக்கு ஒன்றுகூட உடையவில்லை.

"அங்கே போனபிறகு ஜெபம், துதி எல்லாம் எப்படிம்மா நடக்குது?" என்று போனில் கேட்டீர்கள். வார்டில் நின்றுகொண்டு அதற்குப் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

ஊரில் அருணோதய ஜெபத்துக்கு மணி அடித்ததும் எழுப்பிவிட நீங்கள் இருந்தீர்கள். இங்கே டிசம்பரில் மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடுகிறது. நைட் டியூட்டி முடிந்து தூங்கி எழுந்தால் விடிந்ததா, அடைந்ததா என்றே தெரியாது. ஜெபம் பண்ணினாயா என்று கேட்க ஆளில்லை.

இந்த ஊர்ப் பேராலயத்தை 1079இல் கட்டத் தொடங்கினார்கள். அங்கே பெரும்பாலான நாட்களில் சாயங்காலம் பாடகர் குழு ஆராதனை பாடும். யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம், டிக்கெட் கிடையாது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் நீள அங்கி போட்டு இரண்டிரண்டு பேராக வருவார்கள். ஒரு சின்னவன் கொட்டாவியை அடக்கிக்கொண்டே வருவான், பாட ஆரம்பித்ததும் முகமே மாறிவிடும். மழை நாளில் கேட்க வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆனாலும் ஒரு வரியைக்கூடச் சுருக்க மாட்டார்கள். ஆட்களுக்காகவா பாடுகிறார்கள்? ஆண்டவருக்கல்லவா! அதைப் பார்த்த பிறகு, தனி அறையில் வாய்விட்டுத் துதிக்க எனக்கு இருந்த கூச்சம் போய்விட்டது.

அந்த ஆராதனையின் ஆரம்பமே ஒரு விண்ணப்பம்தான்: ஆண்டவரே, எங்கள் உதடுகளைத் திறந்தருளும். வேதாகமத்தின் 51ஆம் சங்கீதத்தில் தாவீது ராஜா பாவத்தில் நொறுங்கிக் கிடந்து கேட்டது அது. துதிக்கிற வாயையும் அவர்தான் தரவேண்டும் என்பது எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருக்கிறது தெரியுமா?

17ஆம் நூற்றாண்டில் தாமஸ் கென் என்ற போதகர் இந்த ஊரில் இருந்தார், பின்னாளில் பிஷப் ஆனவர். இங்குள்ள பள்ளி மாணவர்கள் காலையிலும் மாலையிலும் நடுராத்திரியிலும் பாடுவதற்கென்று பாட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். நடுராத்திரிக்கும் ஒரு துதி! நைட் டியூட்டிக்காரிக்கு அது போதாதா?

இப்போது இங்கிலாந்து திருச்சபையின் 1662ஆம் வருஷத்து ஜெபப் புத்தகத்தின் முறைப்படி சங்கீதம் வாசிக்கிறேன். 150 சங்கீதத்தையும் காலை, மாலை என்று 30 நாளுக்குப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றும் முடிந்ததும் "பிதாவுக்கும் குமாரனுக்கும் பரிசுத்த ஆவிக்கும் மகிமை உண்டாவதாக" என்று சொல்ல வேண்டும். ஆச்சி தவறிய மாதம் நான் வர முடியாமல் போனதே, அந்த மாதம் 17ஆம் தேதி காலையில் 88ஆம் சங்கீதம் வந்தது. அழுதுகொண்டே போய், கடைசிவரை வெளிச்சமே இல்லாமல் முடிகிற சங்கீதம் அது. அதற்குப் பிறகும் "மகிமை உண்டாவதாக" சொல்ல வேண்டும். நாக்கு எழும்பவில்லை அம்மா. மெதுவாகச் சொன்னேன். டியூட்டிக்குப் போனேன், பாட்டிகளைக் குளிப்பாட்டினேன், படுக்கை விரித்தேன். மாலையில் புத்தகத்தைத் திறந்தால் அடுத்த சங்கீதம், "கர்த்தரின் கிருபைகளை என்றென்றைக்கும் பாடுவேன்" என்று ஆரம்பிக்கிறது. துக்கம் போய்விடவில்லை. ஆனால் அந்த வரியைச் சத்தமாகவே வாசித்தேன்.

மனசு சரியாகட்டும், அப்புறம் துதிக்கலாம் என்று இருந்திருந்தால் அந்த மாதம் முழுக்க வாயே திறந்திருக்க மாட்டேன். நீங்கள் விடியற்காலையில் அடுப்புப் பற்றவைப்பதற்கு முன்னால், சின்னப் புத்தகத்தை வைத்துக்கொண்டு ஸ்தோத்திர பலி என்று துதி வரிகளைச் சொல்வீர்களே, கடன்காரர் வந்து போன மறுநாள்கூட? இப்போதுதான் அது எவ்வளவு பெரிய காரியம் என்று புரிகிறது.

ஒரு ஆசை. ஒன்றாம் தேதியிலிருந்து நீங்களும் அப்பாவும் இதே முறையில் வாசியுங்களேன். முதல் நாள் காலை 1 முதல் 5 வரை, மாலை 6 முதல் 8 வரை. மீதியைத் தனித்தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். 31ஆம் தேதி வந்தால் 30ஆம் தேதிக்குரியதையே திரும்ப வாசிக்க வேண்டும். நீங்கள் வாசித்து ஐந்தரை மணி நேரம் கழித்து, அதே சங்கீதத்தை இங்கே நான் வாசிப்பேன். அப்பாவுக்குக் கண் மங்கல் என்றால் தம்பி வாசிக்கட்டும்.

உபதேசியார் ஐயாவுக்கும் பெரியம்மாவுக்கும் என் ஸ்தோத்திரம் சொல்லுங்கள்.

உங்கள் அன்பு மகள்