புகார் கொடுக்க ஓர் அலுவலர், பதிந்துவைக்க ஒரு பதிவேடு

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். அரசு அலுவலகத்தில் 35 ஆண்டுகள் வேலை பார்த்து, கண்காணிப்பாளராக ஓய்வுபெற்றவன் நான். இரண்டு வயதில் வந்த போலியோவில் வலது கால் சூம்பிவிட்டது. காலுக்குத் தாங்கலாக மாட்டும் காலிப்பர் போட்டுக்கொண்டுதான் பணியில் சேர்ந்தேன். அதோடுதான் ஓய்வும் பெற்றேன். மாற்றுத்திறனாளி ஊழியர்கள் அலுவலகத்தில் படும் சிரமங்களைப் பணியில் இருப்பவர்கள் பத்திரிகைக்கு எழுதினால் நடத்தை விதிகள் குறுக்கே வரும். எனக்கு இனி அந்தத் தடை இல்லை, அதனால் எழுதுகிறேன்.

போன மாதம் எங்கள் தெருவில் குடியிருக்கும் ஒரு பெண் என்னைத் தேடி வந்தார். குறைபார்வை உள்ளவர். குரூப் 4 எழுதி, இளநிலை உதவியாளராகச் சேர்ந்து மூன்று ஆண்டுகள்தான் ஆகின்றன. அவருடைய அலுவலகத்தில் கோப்புகள் எல்லாம் கணினிக்கு மாறிவிட்டன. உண்மையில் அவருக்கு அது நல்ல காலமாக இருந்திருக்க வேண்டும். திரையில் உள்ளதைக் குரலாகப் படித்துக்காட்டும் மென்பொருள் இருக்கிறது, காசு கொடுத்துக்கூட வாங்க வேண்டியதில்லை. ஆனால் வருகிற தபால்களைப் படமாக ஸ்கேன் செய்து ஏற்றுகிறார்கள். படத்தில் இருக்கும் எழுத்தை அந்த மென்பொருளால் நேரடியாகப் படிக்க முடியாது. எழுத்தாக மாற்றித் தாருங்கள், பெரிய திரை ஒன்று தாருங்கள் என்று இரண்டு முறை எழுதிக் கொடுத்திருக்கிறார். பதில் வரவில்லை. அப்புறம் வந்தது, கோப்புகள் தேங்கியிருப்பதற்கு விளக்கம் கேட்டு ஒரு மெமோ.

"சார், நான் யாருகிட்ட புகார் கொடுக்கணும்?" என்று கேட்டார்.

35 ஆண்டு அரசுப் பணி பார்த்த எனக்கு அந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. சட்டப் புத்தகத்தை எடுத்துப் பார்த்துத்தான் சொன்னேன். அந்த வெட்கம்தான் இந்தக் கடிதத்தை எழுத வைக்கிறது.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 20ஆம் பிரிவு, மாற்றுத்திறனாளி ஊழியரிடம் எந்த அரசு நிறுவனமும் வேலை தொடர்பாகப் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. பாகுபாடு என்றால் திட்டுவதும் ஒதுக்குவதும் மட்டும் இல்லை. அவருக்குத் தேவையான நியாயமான வசதியைச் செய்து தர மறுப்பதும் பாகுபாடுதான் என்று சட்டத்தின் வரையறையிலேயே எழுதியிருக்கிறது. அப்படியானால் அந்தப் பெண் கேட்ட பெரிய திரை சலுகை இல்லை. அதைக் கொடுக்காமல் இழுத்தடித்ததுதான் சட்டமீறல்.

23ஆம் பிரிவு இன்னும் தெளிவானது. ஒவ்வோர் அரசு நிறுவனமும் ஒரு குறைதீர்க்கும் அலுவலரை நியமிக்க வேண்டும். புகார்களுக்கென்று அவர் தனிப் பதிவேடு வைக்க வேண்டும். பதிவான நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள் ஒவ்வொரு புகாரையும் விசாரிக்க வேண்டும். அதில் திருப்தி இல்லையென்றால் ஊழியர் மாவட்ட அளவிலான குழுவுக்குப் போகலாம். பதிவேட்டில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதைக்கூட 2017ஆம் ஆண்டு விதிகள் சொல்லிவிட்டன: புகார் வந்த தேதி, கொடுத்தவர் பெயர், விசாரிப்பவர் பெயர், சம்பவம் நடந்த இடம், யார் மீது புகார், புகாரின் சுருக்கம், ஆவணச் சான்றுகள், முடிவு செய்த தேதி.

எவ்வளவு நல்ல ஏற்பாடு! ஆனால் இதில் எனக்குத் தெரிந்த ஓர் ஓட்டை இருக்கிறது. இரண்டு வாரக் கெடு, புகார் பதிவான நாளிலிருந்துதான் தொடங்குகிறது. பதிவேடே இல்லாத அலுவலகத்தில் புகார் எப்படிப் பதிவாகும்? அது சாதாரணத் தபாலோடு தபாலாக ஒரு நடப்பு எண் வாங்கிக்கொண்டு ஏதாவது ஒரு பிரிவின் மேசைக்குப் போய்ச் சேரும். அங்கே அதற்குக் கெடு கிடையாது.

இதை நான் அனுபவித்திருக்கிறேன். பணியின் கடைசிக் காலத்தில் எங்கள் பிரிவைத் தரைத்தளத்திலிருந்து இரண்டாவது மாடிக்கு மாற்றினார்கள். லிஃப்ட் கிடையாது. மொத்தம் 42 படிகள். காலிப்பரோடு ஏறுவதைவிட இறங்குவதுதான் ஆபத்து, இது போட்டவர்களுக்குத் தெரியும். மதியச் சாப்பாட்டை மேலேயே முடித்துக்கொள்வேன். கழிப்பறை கீழே என்பதால் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பேன். என் இருக்கையை மட்டுமாவது கீழே போட்டுத் தாருங்கள் என்று மனு எழுதினேன். மனுவை 'உரிய வழியில்' அனுப்பச் சொன்னார்கள். அரசு ஊழியர்களுக்கு இதை விளக்க வேண்டாம், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: மேலிடத்துக்குப் போகும் எந்த மனுவும் நம் நேரடி அலுவலர் வழியாகத்தான் போக வேண்டும். என்னை மாடிக்கு மாற்றிய அதே அலுவலரின் கையெழுத்தோடுதான் அவர் மீதான குறை மேலே போக வேண்டியிருந்தது. அது போகவில்லை. நான்கு மாதம் கழித்துக் கேட்டபோது, ஊனச் சான்றிதழ் பழையது, மருத்துவக் குழுவிடம் புதிதாக வாங்கி வாருங்கள் என்றார்கள். போலியோவில் போன கால் அறுபது வயதில் திரும்பி வந்துவிடுமா? சான்றிதழ் வாங்கி வந்தேன். அதற்குள் ஓய்வு பெறும் நாளும் வந்துவிட்டது.

நான் அப்போதே 23ஆம் பிரிவைச் சொல்லிக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. ஓய்வூதியக் கோப்பு அவர்கள் கையில் இருந்தது. புகார் கொடுக்காத ஒவ்வொருவரிடமும் இப்படி ஒரு காரணம் இருக்கும். சிலருக்கு மாறுதல், சிலருக்கு ஊதிய உயர்வு, சிலருக்கு 17பி, அதாவது கடும் தண்டனைக்கான குற்றச்சாட்டுக் குறிப்பாணை. 'கோட்டாவில் வந்தவர், அதற்குமேல் வசதியும் கேட்கிறார்' என்ற பேச்சு வேறு. இடஒதுக்கீட்டில் வந்தாலும் தேர்வு எழுதித்தான் வந்தோம்.

இத்தனைக்கும் உச்ச நீதிமன்றம் நம் பக்கம்தான் நிற்கிறது. பணியின்போது அடிபட்டு இடது காலை இழந்த குணால் சிங் என்ற காவலரை வேலைக்குத் தகுதியற்றவர் என்று வெளியே அனுப்பினார்கள். 2003இல், பழைய 1995ஆம் ஆண்டுச் சட்டத்தை வைத்தே அது செல்லாது என்றது நீதிமன்றம். பணிக்காலத்தில் ஊனமடைந்தவரை நீக்கக் கூடாது, பதவி இறக்கக் கூடாது. செய்துவந்த வேலை முடியவில்லை என்றால் அதே ஊதியத்தில் வேறு வேலை தர வேண்டும். அதுவும் இல்லையென்றால் அவருக்கென்று கூடுதலாக ஒரு பணியிடம் உருவாக்கி வைத்துக்கொள்ள வேண்டும். புதிய சட்டத்திலும் இது 20ஆம் பிரிவில் இருக்கிறது. மத்திய ரிசர்வ் காவல் படை அதிகாரி ரவீந்தர் குமார் தாரிவால் வழக்கு 2021 டிசம்பரில் முடிந்தது. மனநலப் பாதிப்பு உள்ள ஒருவரின் நடத்தைக்கு அந்தப் பாதிப்பும் ஒரு காரணமாக இருந்தால், அதற்காக ஒழுங்கு நடவடிக்கை தொடங்குவதே பாகுபாடு என்று அதில் தீர்ப்பானது. மெமோ எழுத உட்காரும் ஒவ்வோர் அலுவலரும் இந்தத் தீர்ப்பைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஆனால் உச்ச நீதிமன்றம்வரை போக எத்தனை பேரால் முடியும்? மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் போகலாம். அவருக்குச் சாட்சிகளை அழைக்கவும் ஆவணங்களைக் கேட்டு வாங்கவும் சிவில் நீதிமன்றத்துக்குள்ள அதிகாரம் உண்டு. அவருடைய பரிந்துரைமீது துறை மூன்று மாதத்துக்குள் நடவடிக்கை எடுக்க வேண்டும், ஏற்காவிட்டால் காரணம் சொல்ல வேண்டும். அதெல்லாம் பிற்பாடு. சொந்த அலுவலகத்தில் ஒரு மேசையில் முடிய வேண்டிய விஷயத்துக்கு, சரியாக நடக்க முடியாதவரையும் பார்க்க முடியாதவரையும் விடுப்பு போட்டுவிட்டுச் சென்னைக்குப் பேருந்து ஏற வைப்பது எந்த வகையில் நியாயம்?

எந்த அரசு அலுவலகத்துக்குப் போனாலும் பொதுத் தகவல் அலுவலர் யார், மேல்முறையீட்டு அலுவலர் யார் என்று வாசலில் பலகை இருக்கிறது. தகவல் உரிமைச் சட்டத்தைச் சாதாரண மக்களிடம் கொண்டுபோனதில் அந்தப் பலகைக்குப் பெரிய பங்கு உண்டு. அதற்குப் பக்கத்தில் இன்னொரு பலகை வைக்க என்ன செலவாகிவிடும்? குறைதீர்க்கும் அலுவலரின் பெயர், பதவி, தொலைபேசி எண் இருந்தால் போதும். பார்வையற்றவருக்காக அதே விவரத்தைச் சுற்றறிக்கையாக, மென்பொருள் படிக்கும் எழுத்து வடிவில் அனுப்ப வேண்டும். குறைதீர்க்கும் அலுவலர் கெஜட்டட் நிலையில் இருக்க வேண்டும் என்கிறது விதி. சிறிய அலுவலகங்களில் அப்படி ஒருவர்தான் இருப்பார், அவரே அலுவலகத் தலைவராகவும் இருப்பார். அங்கெல்லாம் துறையின் மாவட்ட அலுவலகத்தில் உள்ள வேறொருவரை நியமிக்க அரசு ஆணையிட வேண்டும். இந்தப் புகார்களுக்கு 'உரிய வழி' பொருந்தாது என்பதையும் அந்த ஆணையிலேயே தெளிவாக எழுதிவிட வேண்டும்.

அந்தப் பெண்ணுக்கு நானே உட்கார்ந்து புகார் எழுதிக் கொடுத்தேன். 'குறைதீர்க்கும் அலுவலர், பிரிவு 23' என்று பெயர் இல்லாமல் முகவரியிட்டு, ஒப்புகை அட்டையோடு அஞ்சலில் அனுப்பினோம். ஒப்புகை அட்டை வந்துவிட்டது. பதிவேட்டில் என்ன எண்ணில் பதிந்திருக்கிறது என்று அவர் நேரில் போய்க் கேட்டிருக்கிறார். அப்படி ஒரு பதிவேடு எந்தப் பிரிவில் இருக்கிறது என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. மெமோவுக்கு விளக்கம் கொடுக்க மட்டும் அவருக்கு ஏழு நாள்தான் தந்திருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கண்காணிப்பாளர்,
தஞ்சாவூர்.