கிராமச் சபைகளுக்குப் போதகர்களை ஆயத்தப்படுத்த உங்கள் காணிக்கை தேவை

கிறிஸ்துவுக்குள் அன்பான சகோதர சகோதரிகளே,

போதகர் இல்லை என்பதற்காகக் கிராமச் சபைகளில் ஞாயிறு ஆராதனை நின்றுவிடுவதில்லை. ஒரு மூப்பரோ, வேதத்தில் ஊறிய ஒரு தாயாரோ முன்னால் நின்று நடத்திவிடுகிறார். ஆனால் திருவிருந்துக்கும் ஞானஸ்நானத்துக்கும், பல சபைகளை ஒருவராகவே சுமக்கும் போதகர் வரும் நாள்வரை காத்திருக்க வேண்டும். சாவு அப்படிக் காத்திருக்காது. அவர் வந்து சேருவதற்குள் அடக்கம் முடிந்திருக்கும். அடுத்த சபைக்குப் போகும் அவசரத்தில், துக்க வீட்டில் ஒரு மணி நேரம் உட்காரக்கூட அவரால் முடியாது.

இந்தச் சபைகளில் ஏற்கெனவே ஊழியம் செய்துவருகிற ஆண்களையும் பெண்களையும் தெரிந்தெடுத்து, ஊரையும் குடும்பத்தையும் விட்டுப் பிரிக்காமல், மூன்று ஆண்டுகள் முறையாகப் பயிற்றுவிக்கத் திட்டமிட்டிருக்கிறோம். அதற்கு உதவி கேட்டே இதை எழுதுகிறோம்.

இறையியல் கல்லூரிக்கு அனுப்பினால் போதாதா என்று பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. கல்லூரிகள்மேல் எங்களுக்கு மிகுந்த மதிப்பு உண்டு. எங்கள் ஆசிரியர்கள் அங்கே கற்றவர்கள்தாம். ஆனால் அன்றாட உழைப்பால் வீட்டைக் காப்பாற்றும் ஒருவர், பிள்ளைகளை விட்டுவிட்டு ஆண்டுக்கணக்கில் விடுதியில் தங்கிப் படிக்க முடியாது. படிக்க முடிந்த இளைஞர்களில் பலரோ நகர வாழ்க்கைக்குப் பழகி, அங்கேயே ஊழியத்தைத் தேடிக்கொள்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டோம். கிராமத்து ஊழியத்துக்கு யாரும் அவர்களை ஆயத்தப்படுத்தவில்லை.

குவாத்தமாலாவின் பிரெஸ்பிட்டேரியன் இறையியல் கல்லூரி இதே சிக்கலில் நின்றது. 1963-இல் அது வழியை மாற்றிக்கொண்டது. மாணவர் தம் வீட்டிலிருந்தபடியே பாடங்களைப் படிப்பார். ஆசிரியர் அவர் வாழும் பகுதிக்கே போய், வாரந்தோறும் மாணவர்களைக் கூட்டி, படித்ததைக் கலந்துபேசுவார். இந்த முறை பின்னர் பல நாடுகளுக்குப் பரவியது. நாம் தொடங்க விரும்புவதும் இதுதான். நம் சபை வரலாற்றுக்கும் இது அந்நியமானதல்ல. தரங்கம்பாடி மிஷனில் 1733-இல் குருப்பட்டம் பெற்ற ஆரோன், அதற்கு முன்னே பல ஆண்டுகள் உபதேசியாராக, அதாவது குருப்பட்டம் இல்லாமலே சபைகளில் போதிப்பவராக, உழைத்தவர்.

பயிற்சியில் வேதபாடமும் பிரசங்கமும் இருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆனால் கிராமத்துப் போதகருக்கு அதற்கு மேலும் வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் கல்லூரியில் படிக்கும் பேத்தியும் ஒரே பாயில் உட்கார்ந்து கேட்கும் பிரசங்கத்தை எப்படி அமைப்பது? சபையார் எல்லாரும் ஒருவருக்கொருவர் உறவினராக இருக்கும் ஊரில், ஒருவர் அழுதுகொண்டு சொன்ன இரகசியத்தை எப்படிக் காப்பது? வரப்புத் தகராறில் இரண்டு பக்கமும் சபையாராகவே இருந்தால் எங்கே நிற்பது? கடனிலும் குடியிலும் அமிழ்ந்துபோன வீட்டுக்குள் எந்த வார்த்தையோடு நுழைவது? இவற்றையெல்லாம் அனுபவமுள்ள ஒரு போதகரின் கூடவே நடந்துதான் கற்க முடியும். அதனால் ஒவ்வொரு மாணவருக்கும் அப்படி ஒரு மூத்த போதகரை வழிகாட்டியாக வைக்கிறோம்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். ஜெபித்துவிட்டு உடனே மருத்துவரிடம் அழைத்துப்போக வேண்டிய நோய் எது, வீட்டுக்குள் பேசி மூடிவிடாமல் காவல்துறைக்குச் சொல்ல வேண்டிய கொடுமை எது என்று போதகருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அடி வாங்கும் மனைவியிடம் ‘பொறுத்துக்கொள்ளம்மா’ என்று சொல்லி அனுப்புவது ஆலோசனை அல்ல. பிள்ளைகளின் பாதுகாப்பும் அப்படித்தான். இந்தப் பாடங்களில் தேறாத எவரையும் போதகர் அபிஷேகத்துக்குப் பரிந்துரைக்க மாட்டோம். போதகரின் மனைவி பெரும்பாலும் ஊதியமில்லாத இன்னொரு போதகராகவே உழைக்கிறார். விரும்பினால் அவரும் வகுப்பில் அமரலாம்.

உங்கள் காணிக்கையில் ஒரு பகுதிகூடக் கட்டடத்துக்குப் போகாது. இருக்கிற ஆலயங்களிலும் வீடுகளிலும் வகுப்புகள் நடக்கும். வகுப்பு நாள்களில் மாணவர் வேலைக்குப் போக முடியாததால் குறையும் வருமானத்தை ஈடுசெய்வதுதான் முதல் செலவு, பெரிய செலவும் அதுவே. ‘ஊழியத்துக்கு வருகிறவர் தியாகம் செய்யட்டுமே’ என்று சிலர் சொல்லக்கூடும். அந்தத் தியாகத்தை அவருடைய பிள்ளைகளின் சாப்பாட்டுத் தட்டிலிருந்து எடுக்க நமக்கு உரிமையில்லை. சுவிசேஷத்தை அறிவிக்கிறவர்களுக்கு அதனாலேயே பிழைப்பு உண்டாக வேண்டும் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதவில்லையா? மற்றபடி ஆசிரியர்களின் பயணம், பாடநூல்கள், வழிகாட்டிப் போதகர்களின் போக்குவரத்து ஆகியவை இருக்கின்றன.

எருசலேம் பரிசுத்தவான்களுக்காகச் சேர்த்த பணத்தைப் பவுல் தனியாளாகக் கையாளவில்லை. ஒருவரும் குறை சொல்ல இடமிராதபடி, சபைகள் தெரிந்துகொண்ட சகோதரரைத் துணைக்கு வைத்துக்கொண்டார். அந்த ஒழுங்கை நாங்களும் பின்பற்றுகிறோம். வங்கிக் கணக்கை இருவர் கையெழுத்திட்டே இயக்குவோம். குழுவில் இல்லாத தணிக்கையாளர் ஆண்டுதோறும் சரிபார்த்த கணக்கு, கொடுத்தவர் ஒவ்வொருவர் கைக்கும் வரும். சிறிய தொகை கொடுத்தவருக்கும்தான்.

ஒரே தடவையில் பெருந்தொகை கொடுப்பதைவிட, மூன்று ஆண்டுகளும் மாதந்தோறும் ஒரு சிறு தொகை தருவதாக நீங்கள் வாக்களிப்பது எங்களுக்கு அதிக உதவி. பாதியில் பணம் தீர்ந்து ஒரு மாணவரைத் திருப்பி அனுப்பும் நிலை வரவே கூடாது. உங்கள் சபை ஒரு மாணவரின் முழுச் செலவையும் ஏற்றுக்கொள்ளலாம். ஓய்வுபெற்ற போதகர்கள் தங்கள் நூல்களைத் தரலாம். பணமாகக் கொடுக்க இயலாதவர்கள், வகுப்பு நாளில் ஆசிரியர் ஒருவருக்கு வீட்டில் இடமும் உணவும் கொடுத்தாலும் ஒரு செலவு குறையும்.

வாக்களிப்பு அட்டைகள் உங்கள் சபைப் பொருளாளரிடம் இருக்கின்றன. அவற்றை நிரப்பி, பெயரோடு அவரிடமே கொடுத்து, மறவாமல் இரசீது பெற்றுக்கொள்ளுங்கள். உங்கள் சபையில் இந்தப் பயிற்சிக்கு ஏற்றவர் என்று யாரையாவது கருதினால், அவர் பெயரையும் அட்டையின் பின்புறத்தில் எழுதுங்கள்.

கிறிஸ்துவின் பணியில்,
கிராமச் சபைப் போதகர் பயிற்சிக் குழுவினர்