படிவம் 6 மாணவர்களுக்கு, இந்தியப் பொறியியல் நுழைவுத்தேர்வான ஜே.இ.இ.யின் பாடத்திட்ட ஒப்பீட்டுப் பட்டியல் கேட்டு மூன்றாவது மனு

பெறுநர்: வட்டாரக் கல்வி அதிகாரி அவர்கள்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இதே விஷயமாகப் பிப்ரவரியில் ஒரு கடிதமும் மே மாதம் இன்னொன்றும் கொடுத்தேன். முத்திரை குத்தி வாங்கிக்கொண்டார்கள், பதில் வரவில்லை. எங்கள் ஊரான பிறையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் தாமானில் (குடியிருப்பில்) ஷிப்ட் வேலைக்குப் போகிறவர்கள்தான் அதிகம். பிள்ளை எந்தத் தேர்வு எழுத வேண்டும் என்று கேட்கப் பள்ளியை விட்டால் எங்களுக்கு வேறு இடமில்லை.

1. என் மகள் திருச்சி என்.ஐ.டி.யில் பொறியியல் படிக்க ஆசைப்படுகிறாள். வெளிநாட்டு மாணவர்களுக்கான டாசா வழியில் விண்ணப்பிக்கலாம். பள்ளியில் கொடுத்த தாளில் அதற்கு அமெரிக்கத் தேர்வான எஸ்.ஏ.டி. எழுத வேண்டும் என்று இருந்தது. நம்பினோம். ஏழு மாதம் அதையே படித்தாள். ஆனால் 2021 முதல் டாசாவுக்கு ஜே.இ.இ. மெயின்தான், ஐயா. எஸ்.ஏ.டி.யில் இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் இருந்த தனித் தேர்வுகள் அந்த வருடமே நின்றுபோயின. இப்போது அதில் ஆங்கிலமும் கணிதமும் மட்டுமே. அவளுடைய ஏழு மாதத்தை யார் திருப்பித் தருவார்கள்?

2. ஜே.இ.இ.யில் இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றும் சேர்த்து 75 கேள்விகள், 300 மதிப்பெண், ஒரே அமர்வு. தப்பான விடைக்கு ஒரு மதிப்பெண் போகும். எங்கள் படிவம் 6 தேர்வான எஸ்.டி.பி.எம். அப்படியில்லை, மூன்று பருவமாக நடக்கும். முதல் பருவத்தில் மெக்கானிக்ஸ் எழுதி முடித்தாயிற்று. ஒளியியலும் ஆர்கானிக் கெமிஸ்ட்ரியும் மூன்றாம் பருவத்தில். அப்புறம் மூன்றாம் பருவக் கணிதத்தில் கை-ஸ்கொயர் சோதனை வரைக்கும் புள்ளியியல். அதில் பெரும்பகுதி ஜே.இ.இ.யில் கிடையாது. இரண்டு பாடத்திட்டத்தையும் சமையலறைத் தரையில் விரித்துவைத்து, வரி வரியாகப் பென்சிலால் குறிக்கிறாள். மலாயில் 'பெம்பியாசான்' (ஒளிவிலகல்) என்று படித்தது அங்கே ரிஃப்ராக்‌ஷன் என்று நிற்கிறது. இரவு ஒரு மணிக்கு, "அம்மா, இது நாங்க படிச்சதுதானா, புதுசா?" என்று கேட்கிறாள். நான் படிவம் 5 தேர்வான எஸ்.பி.எம். வரை படித்தவள். என்ன சொல்ல? படிக்க வேண்டிய நேரம், எதைப் படிப்பது என்று தேடுவதிலேயே போகிறது. ஒரு ஆசிரியர் இரண்டு நாள் உட்கார்ந்தால் முடிகிற வேலை இது. அதை ஒரு பிள்ளை மாதக்கணக்கில் தனியாகச் செய்துகொண்டிருக்கிறாள்.

3. வேறு வழிகளையும் பார்த்தோம். தமிழ்நாட்டு அரசின் பொறியியல் கலந்தாய்வுக்கு 2007 முதல் நுழைவுத்தேர்வே இல்லை. பிட்ஸ் பிலானியின் நுழைவுத்தேர்வான பிட்சாட்டில் 130 கேள்விகளில் 30 ஆங்கிலமும் தர்க்கமும். இதெல்லாம் நாங்களாகத் தேடித் தெரிந்துகொண்டது.

4. அந்தப் பழைய தாள் இன்னும் அறிவிப்புப் பலகையில் இருக்கிறது. போன வாரமும் பார்த்தேன். இரண்டு கடிதம் எழுதிய பிறகும் ஒரு தாளைக் கிழித்தெறிய ஆளில்லையா? சரி, என் மகளுக்குப் போனது போகட்டும். அடுத்த வருடத்துப் பிள்ளையும் அதையே பார்த்து எஸ்.ஏ.டி. புத்தகம் வாங்குமே, ஐயா!

ஆகவே, அந்தத் தாளை உடனே எடுக்கச் சொல்லுங்கள். எஸ்.டி.பி.எம். மூன்று பருவத்தையும் ஜே.இ.இ.யையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்தப் பாடம் இரண்டிலும் உண்டு, எது அங்கே மட்டும் என்று மலாயிலும் ஆங்கிலத்திலும் ஒரு பட்டியல் போட்டுக் கொடுங்கள். கட்டணத்துக்கு என் ஈ.பி.எஃப். (சேமநிதி) பணம் இருக்கிறது, நான் காசு கேட்கவில்லை. ஒரு பட்டியல் கேட்கிறேன். கெஞ்சிக் கேட்கிறேன்.

இந்த முறையாவது பதில் போடுங்கள். முடியாது என்றால் முடியாது என்றாவது எழுதுங்கள்.

இப்படிக்கு,
படிவம் 6 மாணவியின் தாய்,
பிறை, பினாங்கு