காசிமேடு என்று சொல்ல என் மகன் லைப்சிக் போக வேண்டியிருந்தது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

என் மகன் காசிமேட்டுக்காரன். கல்லூரியில் முதல் இரண்டு வருடமும் இதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. எந்த ஏரியா என்று கேட்டால் "பாரிஸ் கார்னர் பக்கம்" என்பானாம். அவன் அப்பா மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகு இன்ஜின் வேலை பார்க்கிறார். அதைக் கேட்டால் "மெரைன் ஃபீல்டு". இதெல்லாம் எனக்குத் தெரிய வந்ததே அவன் ஜெர்மனியில் ஒரு செமஸ்டர் படித்துவிட்டு வந்த பிறகுதான். அவனே சொன்னான், தலையைக் குனியாமல்.

உங்கள் கல்விப் பக்கத்தை வெட்டி எடுத்து வைக்கிறவள் நான். எந்த நாட்டில் விசா சுலபம், எவ்வளவு செலவாகும், படித்து முடித்தால் என்ன சம்பளம் என்று எல்லாம் வருகிறது. போய் வந்த பிள்ளை என்ன ஆனான் என்பது மட்டும் வருவதில்லை. அதற்காகத்தான் தையல் மெஷினை நிறுத்திவிட்டு இதை எழுதுகிறேன்.

மெக்கானிக்கல் மூன்றாம் வருடம் படிக்கும்போது, 2024 அக்டோபரில், லைப்சிக் நகரத்துக்குப் போனான். இரண்டு கல்லூரிகளுக்கும் ஒப்பந்தம் இருந்ததால் அங்கே தனியாகப் படிப்புக் கட்டணம் இல்லை. இங்கே கட்டுவதைக் கட்டினால் போதும். ஆனால் விசாவுக்கு 'பிளாக்டு அக்கவுண்ட்' என்று ஒன்று வேண்டும். மாதம் 992 யூரோ கணக்கில் ஆறு மாதத்துக்கு 5,952 யூரோவை முன்கூட்டியே போட்டுக் காட்ட வேண்டும். அன்றைய மதிப்பில் ஐந்தரை லட்சம் ரூபாய்க்குப் பக்கம். என் சீட்டுப் பணம், இரண்டு வளையல், மீதிக்குக் கல்விக் கடன். நான்கு லட்சம் வரை கல்விக் கடனுக்கு ஜாமீன் சொத்து வேண்டாம் என்பது விதி. நாங்கள் முதலில் போன வங்கியில் எங்கள் தெருப் பெயரைப் படித்துவிட்டு, வீட்டுப் பத்திரம் இருக்கிறதா என்று கேட்டார்கள். நாங்கள் இருப்பது வாடகை வீட்டில். வேறொரு கிளையில்தான் கிடைத்தது.

அந்தப் பணம் மொத்தமாகக் கைக்கு வராது. மாதம் 992-தான் விடுவார்கள். வாடகை, 120 யூரோவுக்கு மேல் மருத்துவக் காப்பீடு, சாப்பாடு, எல்லாம் அதற்குள். முதல் மாதம் இருபத்திரண்டாம் தேதியே காலி. நான் பயந்துபோய் ஒரு கணக்குச் சொன்னேன்: "நீ அங்கே குடிக்கிற ஒரு காபி மூன்று யூரோ. நான் இங்கே ஒரு லைனிங் பிளவுஸ் தைத்து முடிக்கிற கூலி அதுதான்." வருத்தப்பட்டானோ என்னவோ, பதில் பேசவில்லை. திரும்பி வந்தபோது அவன் பையில் ஒரு சின்ன நோட்டு இருந்தது. ஆறு மாதச் செலவும் பைசா விடாமல் அதில் எழுதியிருந்தான். யூரோவுக்குப் பக்கத்திலேயே 'பி' என்று ஒரு வரிசை. 'பி' என்றால் பிளவுஸ். அந்த நோட்டை நான் பீரோவில் வைத்திருக்கிறேன்.

எங்கள் தப்பையும் சொல்ல வேண்டும். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், ஹால் டிக்கெட்டுக்குப் போட்டோ என்று எல்லாவற்றுக்கும் நானும் அவன் அப்பாவும்தான் வரிசையில் நின்றோம். படிக்கிற பிள்ளையை எதற்கு அலைக்கழிப்பது என்று அவனை வீட்டில் உட்கார வைத்தோம். அங்கே போன இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிந்தாக வேண்டும். படிவம் முழுக்க ஜெர்மன். முதல் தடவை ஒரு காகிதம் குறைந்து திருப்பி அனுப்பிவிட்டார்கள். மறுநாள் தானே போய் முடித்திருக்கிறான். இருபது வயதில் அவன் தனியாக முடித்த முதல் அலுவலக வேலை அது.

டிசம்பரில் அங்கே நாலு மணிக்கே இருட்டிவிடும். அந்த மாதம் போனில் அவன் குரலே சரியில்லை. சாப்பிட்டியா என்றால் சாப்பிட்டேன் என்பான். பல நாள் சாப்பிடவில்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது. ட்ராமில் ஒரு ஆள் இவனைப் பார்த்து ஏதோ கத்தியிருக்கிறான். அந்த நாடு சொர்க்கம் என்று நான் சொல்ல வரவில்லை.

பரீட்சையில் அங்கே 1.0 என்றால் உச்சம், 4.0-க்கு மேல் போனால் தேர்ச்சி இல்லை. நான்கு பாடத்தில் ஒன்று போய்விட்டது. முடிவு வந்த அன்றைக்கே போன் பண்ணிச் சொன்னான். இதே பையன் முதல் வருடத்து அரியரை எங்களிடம் ஒரு வருடம் மறைத்தவன். எப்படிடா தைரியம் வந்தது என்றேன். அங்கே ஒரு பேராசிரியர், இவன் கேட்ட சந்தேகத்துக்கு "எனக்குத் தெரியாது, பார்த்துச் சொல்கிறேன்" என்றாராம். அடுத்த வாரம் மறக்காமல் பதிலோடு வந்தாராம். அவருக்கே தெரியாது என்று சொல்ல வருகிறதே, நான் எதற்கு மறைக்க வேண்டும் என்று தோன்றியதாம்.

சரி, காசிமேட்டுக்கு வருகிறேன். விடுதியில் ஏழு பேருக்கு ஒரே சமையலறை. ஒரு சனிக்கிழமை எல்லோரும் சேர்ந்து மீன் சமைத்திருக்கிறார்கள். வியட்நாம் பெண் ஒருத்தி, "எங்கப்பா மீனவர், இதுதான் எங்க படகு" என்று போனில் படத்தைக் காட்டியிருக்கிறாள். யாரும் முகத்தைச் சுளிக்கவில்லை. படகு எத்தனை நாள் கடலில் இருக்கும், ஐஸ் எவ்வளவு ஏற்றுவீர்கள் என்று ஆசையாகக் கேட்டிருக்கிறார்கள். இவன் கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, அப்படியே அப்பாவுக்கு வீடியோ கால் போட்டுவிட்டான். இங்கே சாயங்காலம் நாலரை மணி. அவர் கையெல்லாம் கிரீஸ். இன்ஜின் அறைக்குள் போனைக் கொண்டுபோய்க் கழற்றி வைத்த பம்பைக் காட்டினாராம். அங்கே ஏழு பேரும் கேட்ட கேள்விகளை இவன் தமிழில் சொல்ல, அவர் சொன்ன பதிலை இவன் ஆங்கிலத்தில் சொல்ல, அரை மணி நேரம். அன்று ராத்திரி என் வீட்டுக்காரர் சாப்பிடும்போது, "அந்தப் பசங்க நல்லா கேள்வி கேட்டாங்க" என்று இரண்டு தடவை சொன்னார்.

கோயம்புத்தூர் ஹாஸ்டலில் விட்டிருந்தாலே பிள்ளைக்குப் பொறுப்பு வந்திருக்குமே, இவ்வளவு கடன் எதற்கு என்று என் தங்கை கேட்டாள். சமைக்கவும் துணி துவைக்கவும் வந்திருக்கும். ஆனால் காசிமேடு என்றதும் கோயம்புத்தூரிலும் ஒரு சினிமாவை மனதில் ஓட்டிவிடுவார்கள்: ரவுடி, கத்தி, நாற்றம். லைப்சிக்கில் அந்தச் சினிமாவை யாரும் பார்த்ததில்லை. இவன் சொன்னதுதான் அவர்களுக்குக் காசிமேடு. சொல்ல வேண்டும் என்று வந்த பிறகு, சொல்வதற்கு எவ்வளவு இருக்கிறது என்று அவனுக்கே தெரிந்திருக்கிறது.

பக்கத்தில் ஹாலே என்ற ஊருக்கு ரயிலில் போயிருக்கிறான். 1706-ல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்க் படித்த ஊர். அங்கே பிராங்கே அறநிறுவனத்தில் தமிழ் ஓலைச்சுவடி வைத்திருக்கிறார்கள். புள்ளி இல்லாத எழுத்து, எழுத்துக் கூட்டிப் படித்தேன், பாதிதான் புரிந்தது என்றான். பத்தாவதில் தமிழுக்கு டியூஷன் வைத்தும் நாற்பது மதிப்பெண் தாண்டாதவன், வந்ததும் தங்கையின் தமிழ்ப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

எங்கள் தெருவில் அம்பேத்கர் பிறந்தநாள் கூட்டத்தில் ஒவ்வொரு வருடமும் கேட்கிற விஷயம் ஒன்று உண்டு. 1913-ல் பரோடா மன்னரின் உதவித்தொகையில் அவர் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனார். தீண்டத்தகாதவன் என்கிற நினைப்பே வெளிநாட்டில் இருந்த வருடங்களில் மனதை விட்டுப் போயிருந்ததாக அவரே எழுதியிருக்கிறார். 1917-ல் பரோடாவுக்குத் திரும்பியபோது தங்க ஒரு இடம் கொடுக்க ஆள் இல்லை. இத்தனை வருடம் கேட்டும் எனக்கு அது வரலாறாக மட்டும்தான் இருந்தது. இந்த வருடம் கேட்டபோது அழுகை வந்துவிட்டது.

இப்போது மீன்பிடித் தடைக்காலம், ஏப்ரல் 15-ல் தொடங்கி 61 நாள். படகுகளைக் கரையேற்றிப் பழுது பார்க்கிற நேரம் என்பதால் என் வீட்டுக்காரருக்கு மூச்சுவிட முடியாத வேலை. மகன் கல்லூரி விட்டதும் அப்பாவுக்கு உதவியாகத் துறைமுகத்துக்குப் போகிறான். வாழ்க்கையில் முதல் தடவை. போன வாரம் கல்லூரி நண்பர்கள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போய் இன்ஜினைக் காட்டியிருக்கிறான்.

அரசுக்கும் உங்களுக்கும் ஆளுக்கு ஒரு வேண்டுகோள். வெளிநாட்டில் படிக்கத் தமிழ்நாடு அரசு ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்கு உதவித்தொகை கொடுப்பது நல்ல விஷயம். ஒரு செமஸ்டர் போய் வருகிற இளநிலை மாணவர்களுக்கும், மீனவர், கூலித் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் கை கொடுக்க வேண்டும். இந்த வாய்ப்பைப் பற்றி என் மகன் கல்லூரியில் ஒட்டிய அறிவிப்பு ஆங்கிலத்தில் இருந்தது. கடைசித் தேதிக்கு ஒன்பது நாள்தான் பாக்கி. வீட்டில் ஆங்கிலம் படிக்கிறவர்கள் இருந்தால்தான் ஒன்பது நாள் போதும். உங்கள் கல்விப் பக்கத்தில் இப்படிப்பட்ட அறிவிப்புகளைத் தேதியோடு, தமிழில், மூன்று மாதம் முன்பே போடுங்கள்.

என் மகள் பி.காம். இரண்டாம் வருடம். அவளும் போக வேண்டும் என்கிறாள். பொம்பளைப் பிள்ளை ஆயிற்றே என்று அவள் அப்பா இன்னும் முழு மனதாகச் சரி சொல்லவில்லை. ஆனால் அடுத்த புதன்கிழமை அமைந்தகரையில் அவளுக்குப் பாஸ்போர்ட் அப்பாயின்ட்மென்ட் என்றதும், "அன்னைக்கு வேலைக்குப் போகல, நானே கூட்டிட்டுப் போறேன்" என்றார்.

"வேணாம்பா, நானே போய்க்கிறேன்" என்றாள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
காசிமேடு, சென்னை - 13.