பிஸ்டல் என் பெயருக்கு வந்துவிட்டது

உச்சிப்புளி

அன்புள்ள மாப்ளே,

இங்கே எல்லாரும் சுகம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? மகள் வேலை மாறிய விஷயத்தை மீசைக்காரர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அதற்கு நேரில் வந்து உன்னைக் கவனித்துக்கொள்கிறேன்.

சேதி இதுதான். அப்பாவின் பிஸ்டல் என் பெயருக்கு வந்துவிட்டது. கலெக்டர் ஆபீஸில் உரிமத்தைக் கையில் கொடுத்துவிட்டார்கள். 70 வயது ஆனாலோ, துப்பாக்கியை 25 வருஷம் வைத்திருந்தாலோ, உயிரோடு இருக்கும்போதே வாரிசுக்கு மாற்றித் தர 2016 ஆயுத விதிகளில் இடம் இருக்கிறதாம். அப்பாவுக்கு இரண்டு கணக்கும் எப்போதோ தாண்டிவிட்டது. போலீஸ் விசாரணை, வாரிசுகளின் சம்மதக் கடிதம், அலைச்சல் எல்லாம் முடிந்தது. தங்கச்சி கையெழுத்துப் போடும்போது, "அந்தச் சனியனை எனக்குக் கொடுத்துறாதீங்க, அது போதும்" என்றாள்.

நீயும் போனில் ஏறக்குறைய அதைத்தான் சொன்னாய். "கடற்கரையில பிஸ்டல் வச்சு என்னடா பண்ணப் போற, ஒப்படைச்சுட்டு நிம்மதியா இரு." வாழ்நாள் முழுக்கத் திருச்சியில் துப்பாக்கித் தொழிற்சாலையில் இருந்துவிட்டு இப்படிப் பேச உனக்கு எப்படி மனசு வந்தது? போனில் கோபப்பட்டால் நீ சிரிப்பாய், அதனால்தான் எழுதுகிறேன்.

அப்பா இதை ஜபல்பூர் ஆயுதக் கிடங்கில் அதிகாரிகளுக்கு விற்றபோது வாங்கினார். பெரெட்டா என்ற இத்தாலியக் கம்பெனி செய்தது, 1935 மாடல், தோட்டா அளவு 7.65 மில்லி. அதையே நம் உரிமத்தில் அங்குலக் கணக்கில் .32 என்று எழுதுவார்கள். சிறு வயதில் நாம் பார்த்தபோது கறுப்பாக ஒரு சாமான் என்பதோடு சரி. இப்போது லென்ஸ் வைத்துப் படித்தேன். மேலே முன்னும் பின்னும் நகர்கிற ஸ்லைடின் இடது பக்கம் கார்டோனே என்று ஊர்ப் பெயர், 1941 என்று வருஷம், பக்கத்தில் ரோமன் எண்ணில் 19. இத்தாலியில் முசோலினி ஆட்சிக்கு வந்த 1922இலிருந்து போட்ட கணக்கு அது. உடம்பில் ஆர், எம் என்று இரண்டு எழுத்து, ஒரு நங்கூரம். இத்தாலியக் கடற்படை முத்திரை மாப்ளே! இரண்டாம் உலகப் போரின் ஆப்பிரிக்கச் சண்டையில் நம் ஆட்கள் இத்தாலிக்காரர்களிடம் பிடித்த ஆயுதம் எவ்வளவோ. இதுவும் அப்படி வந்திருக்கலாம் என்பது அப்பாவின் எண்ணம். எனக்கும் அப்படித்தான் நம்பப் பிடிக்கிறது.

அதைத்தான் இந்த உப்புக்காற்று தின்னப் பார்க்கிறது. வாடை அடித்தால் வடகடல் ஈரம், கச்சான் அடித்தால் தென்கடல் ஈரம். இரண்டு கடலுக்கும் நடுவில் இருக்கிற ஊரில் இரும்புக்கு ஓய்வு ஏது? பாம்பன் பழைய பாலத்தை நினைத்துக்கொள். 1914இல் திறந்ததிலிருந்து சுரண்டிச் சுரண்டிப் பெயின்ட் அடித்துக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் துருவாலேயே 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தினார்கள். புதுப் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி, பாலிசிலாக்சேன் பூச்சு என்று என்னென்னவோ செய்திருக்கிறார்கள். என் பிஸ்டலுக்கு இருப்பது எண்ணெய்த் துணியும் என் கையும்தான்.

2024 தேர்தலின்போது உரிமம் உள்ள எல்லாரையும் போல அப்பாவும் பிஸ்டலைப் போலீஸில் ஒப்படைத்தார். மார்ச்சில் போனது ஜூனில் முடிவு வந்த பிறகுதான் திரும்பியது. தோல் உறையோடு ஒரு புழுக்கமான அறையில் கிடந்திருக்கிறது. தோல் ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும், பதப்படுத்திய ரசாயனமும் இரும்பைக் கடிக்கும். உறையில் வைக்காதீர்கள் என்று அப்பா கெஞ்சியும் கேட்கவில்லை. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. கைப்பிடியின் திருகைக் கழற்றினேன். பக்கத்துக்கு ஒரே திருகுதான். பேக்கலைட் பிடிக்கு உள்பக்கம் மெல்லிய இரும்புத் தகடு ஒன்று உண்டு. அந்தத் தகட்டுக்கும் உடம்புக்கும் நடுவில், காப்பித்தூள் தூவினது போல் துரு. அப்பா ஒன்றும் பேசவில்லை. சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுப் பார்த்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

உப்புத்தாள் எடுக்கக்கூடாது என்று எனக்குத் தெரியும். படகு எஞ்சினுக்குப் போடுகிற கை முரட்டுக் கைதான், ஆனாலும் இதில் எஃகின் மேல் இருக்கிற கருநீலப் பூச்சு போனால் போனதுதான். மெல்லிய எண்ணெயில் இரவு முழுக்க ஊறவிட்டு, செப்புத் தகட்டின் ஓரத்தால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டினேன். செம்பு எஃகைவிட மிருதுவானது, துரு மட்டும் வரும். கீழே சின்னச் சின்னக் குழிகள் விழுந்திருந்தன. அது இனி மாறாது. பிடி மூடிக்கொள்ளும் இடம் என்பதால் மனசைத் தேற்றிக்கொண்டேன்.

இப்போது வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்கும் எனக்கும் அதுதான் வேலை. மேகசினைக் கழற்றி, ஸ்லைடை இழுத்து, தோட்டா உட்காரும் அறை காலியா என்று கண்ணால் பார்த்து, விரல் விட்டும் பார்க்க வேண்டும். சேஃப்டியை நம்பவே கூடாது என்பார். இந்த மாடலில் அது டிரிகரை மட்டும்தான் பிடிக்கும், தோட்டாவை வெடிக்க வைக்கிற சுத்தியலைப் பிடிக்காது. பிறகு ஸ்லைடைப் பின்னால் நிறுத்திக் குழலைப் பின்பக்கம் தட்டினால் மேலேயே கழன்று வரும். எவ்வளவு எளிமையான அமைப்பு! அப்பாவுக்குக் கை நடுங்குகிறது, ஆனால் குழலை வெளிச்சத்துக்கு நேரே பிடிக்கும்போது மட்டும் நடுக்கம் நிற்கிறது. பழைய தோட்டா சுட்டால் எண்ணெய் மட்டும் போதாது, வெந்நீர் ஊற்ற வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருப்பார். அந்தக் காலத்துத் தோட்டாவின் அடியில் இருக்கிற கேப் வெடித்தால் குழலுக்குள் உப்புத்தான் படியுமாம், அது எண்ணெயில் கரையாதாம். கடைசியில் கை பட்ட இடமெல்லாம் துடைத்து, காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு பூட்டிவிடுவோம். நீல மணி ரோஸ் நிறத்துக்கு மாறினால் வறுத்து எடுக்க வேண்டும். இங்கே அது சீக்கிரமே மாறிவிடுகிறது.

தோட்டா வேறு பீரோவில், சாவி என் இடுப்பில். வீட்டில் பேரப்பிள்ளைகள் ஓடுகிறார்கள், அந்தப் பயம் எனக்கு உனக்கு மேல் இருக்கிறது. சுடுவதற்காக இதை வைத்திருக்கவில்லை மாப்ளே. எண்பது வருஷத்துக்கு மேல் ஒருத்தர் மாற்றி ஒருத்தர் துடைத்துக் காப்பாற்றிய பொருள். என் காலத்தில் அது துருப்பிடித்துச் சாகக்கூடாது.

அடுத்த தேர்தலுக்கு உரிமம் உள்ள ஆயுத வியாபாரியிடம் ஒப்படைக்கலாமா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன். சட்டத்தில் அதற்கு இடம் உண்டு. டப்பாவோடு வாங்கி வைப்பவராகக் கிடைக்க வேண்டும்.

இப்போது உன்னிடம் கேட்க வேண்டியது. குழலுக்குக் கீழே இருந்து ஸ்லைடை முன்னால் தள்ளுகிற ரிக்காயில் ஸ்பிரிங் பழையதேதான். வெளிநாட்டுச் சாமான் வருவது எண்பதுகளிலேயே நின்றுபோனது, மாற்று கிடைக்காது. ஸ்லைடை இழுத்தால் கடைசி அரை அங்குலத்தில் தளர்வாகத் தெரிகிறது. அப்பா, "அது அப்படித்தான்" என்கிறார். தொழிற்சாலையில் நீ பார்க்காத ஸ்பிரிங்கா? இது முதுமையா, இல்லை என் கையின் பிரமையா, எப்படிப் பார்த்துத் தெரிந்துகொள்வது என்று விவரமாக எழுது. முடிந்தால் பங்குனியில் நீயே வா. நண்டு காலமா என்று கேட்காதே, உனக்கு எப்போதும் நண்டு உண்டு.

அப்பா உன் பதிலை எதிர்பார்த்துத் தபால்காரரைத் தினமும் விசாரிக்கிறார்.

அன்புடன்,
உன் உச்சிப்புளியான்