அண்டி ஆபீஸ் சாமான்

மக்களே,

நீ கேட்ட சாமானையெல்லாம் மூட்டை கட்டியாச்சு. நான் முந்திரிக்கொட்டை உடைத்த அண்டி ஆபீஸை இடிக்கக் கொடுத்துவிட்டார்கள். காவல்காரரிடம் சொல்லி, அண்ணனையும் கூட்டிக்கொண்டு ஆட்டோவில் போய் எடுத்து வந்தோம். சண்டிகரில் ஒருவர் உடைஞ்ச வளையலும் ஓடும் பொறுக்கிச் சேர்த்து, காட்டுக்குள் யாருக்கும் தெரியாமல் தோட்டமே கட்டினார் என்று போனில் சொன்னாயே, நேக் சந்த். அவர் சைக்கிளில் சுமந்தாராம். உன் அண்ணன் ஆட்டோ சீட் அழுக்காச்சு என்று இரண்டு நாள் முனங்கினான்.

நீ போட்டோவைப் பார்த்து, "ஓடு சரிஞ்சு, பருப்பு உலர்த்துற போர்மா அறைக்குள்ள மரம் முளைச்சு, என்ன அழகும்மா" என்றாய். எனக்கு உள்ளே போனதும் வாடைதான் முதலில் வந்தது. வறுத்த அண்டித்தோட்டு எண்ணெய் வாடை. இத்தனை மழைக்கும் சுவரை விட்டுப் போகவில்லை.

கையில் சாம்பலைப் புரட்டிக்கொண்டுதான் உடைக்க உட்காருவோம். ஆனாலும் எண்ணெய் பட்ட இடம் வெந்து உரியும். ஓங்கி அடித்தால் பருப்பு இரண்டாகும், மெல்ல அடித்தால் தோடு பிளக்காது. முழுசாக வந்தால்தான் மரியாதை. கிரேடிங்கில் 320 என்றால் ஒரு பவுண்டுக்கு 320-க்கு மேல் பருப்பு ஏறக்கூடாது. அதை எண்ணிப் பார்ப்பதில்லை, கண்ணாலேயே பிரித்துப் போடுவார்கள். ஒரு கல்யாணப் பந்தியில் என் கறுத்த விரலைப் பார்த்து, பக்கத்து இலைக்காரி தன் இலையைக் கொஞ்சம் தள்ளிப் போட்டாள். உன் அப்பாவிடம்கூட அதைச் சொன்னதில்லை.

மூட்டையில் 5 ஓடு இருக்கு, வைக்கோல் சுற்றியிருக்கிறேன். சாக்கு 3, ஒன்றில் தான்சானியா என்ற எழுத்து இன்னும் தெரியுது, அதைத் துவைச்சுடாதே. தோலுரிக்கிற பிச்சாத்திக் கத்தி இரண்டு, துருப்பிடித்தது, பார்த்துப் பிரி. அண்டி உடைக்கிற தடி, கொட்டுவடிக்கு வார்னிஷ் பூசுவேன் என்றாய். வேண்டாம் மக்களே. கடற்கரையில் வள்ளத்து மரம் உளுத்துப் போகாமல் இருக்க இந்தத் தோட்டு எண்ணெயைத்தான் பூசுவார்கள். அது அந்தத் தடிகளில் ஊறிக் கிடக்கு, உன் வார்னிஷ் அதற்கு மேல் ஒட்டாது.

கொட்டுவடி மொத்தம் 14 கிடந்தது. நீயும் எல்லாம் வேணும் என்றாய். ராத்திரி ஒவ்வொன்றாகத் துடைத்தேன். ஒன்றின் பிடியில் பெருவிரல் குழி விழுந்திருந்தது, ஆனால் என் கைக்குச் சேரவில்லை. இடது கைக்கு மாற்றினேன், கச்சிதமாக உட்கார்ந்தது. எங்கள் வரிசையில் இடதுகைக்காரி ஒருத்திதான். அவள் போய் ஏழெட்டு வருஷமாகுது. மகள் ஆலடித் தெருவில்தான் குடியிருக்கிறாள்.

விடிஞ்சதும் கொண்டுபோய்க் கொடுத்தேன். "உங்க அம்மைக்கது" என்றேன். அவள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன். "இஞ்சி சதைக்க நல்லா இருக்கும், இல்லியா சித்தி?" என்றுவிட்டு, அடுப்படித் திண்ணையில் உப்புப் பரணிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

அதனால் உனக்கு வருவது 13. எண்ணிப் பார்த்துவிட்டு ஒன்று குறையுது என்று போன் பண்ணாதே.

அம்மை