செயலாளர் ஆண்டறிக்கை 2025: கறிவேப்பிலையும் தரவு நிலையமும்

தலைவருக்கும் செயலவையினருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

2025இல் நம் சங்கத்தின் செயலவை மாதம் ஒருமுறை கூடியது. ஜூன் பள்ளி விடுமுறையில் மட்டும் கூடவில்லை, பாதிப் பேர் ஊருக்குப் போய்விட்டார்கள். இயற்கை நடை நான்கு. சுங்கை பூலோ சதுப்புநிலத்துக்கு இரண்டு, பழைய ரயில் பாதை நெடுக ஒன்று. நான்காவது மழையில் பாதியில் திரும்பியது. அதைக் கணக்கில் சேர்க்கலாமா என்று பொருளாளர் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார். பொங்கல் வழக்கம்போல நடந்தது.

இனி, இந்த ஆண்டு நம்மை அதிகம் அலைய வைத்த விஷயம்.

மார்ச்சில் நம் சமூகத் தோட்டத்துக் கறிவேப்பிலை மரத்தை வெட்டிவிட்டார்கள். பதினோரு ஆண்டு மரம். புளோக்கில் பாதி வீட்டு ரசத்துக்கு இலை தந்த மரம். விசாரித்தால், நமக்குக் கொடுத்த இடத்தின் வரைபடத்தில் கோடு மரத்துக்கு இரண்டடி முன்பே நின்றுவிடுகிறதாம். வெட்ட வந்த குத்தகையாளர் கையில் அந்தப் படம் இருந்தது. நம்மிடமும் ஒரு படி இருந்தது, கோப்புக்குள், யாரும் பிரித்துப் பார்க்காமல். பாதித் தவறு நம்முடையது என்று கூட்டக் குறிப்பில் எழுதியிருக்கிறேன். துணைத் தலைவர் அக்கா அதை ஒத்துக்கொள்ளவில்லை என்பதையும் எழுதியிருக்கிறேன்.

அதே மாதம் நம் வாட்ஸ்அப் குழுவில் ஒரு காணொளி சுற்றியது. தரவு நிலையம் (இணையச் சேவைகளின் கணினிகளை வைத்து ஓட்டும் கட்டடம்) கட்டக் காட்டை அழிக்கிறார்கள், உடனே கையெழுத்திடுங்கள் என்று. ஐம்பது பேர் பகிர்ந்த பிறகுதான், கணினித் துறையில் வேலை செய்யும் நம் தம்பி ஒருவர், இது அமெரிக்காவின் வெர்ஜீனியா என்று கண்டுபிடித்துச் சொன்னார். சரி, தெரியாமல் பகிர்ந்த நமக்குத் தண்டனையாக அவரையே சமூக மன்றத்தில் பேச அழைத்தோம்.

அவர் சொன்ன கதை நம் கறிவேப்பிலைக் கதைக்குப் பெரியப்பா மாதிரி இருந்தது. வெர்ஜீனியாவின் பிரின்ஸ் வில்லியம் கவுண்டியில் (கவுண்டி என்றால் மாவட்டம் மாதிரி), அவர்களுடைய உள்நாட்டுப் போர் நடந்த மனாசஸ் போர்க்களத்தை ஒட்டி, 2,100 ஏக்கரில் தரவு நிலையங்கள் கட்டும் திட்டம். 2023 டிசம்பரில் மக்கள் ஒரு நாளுக்கு மேல் விடாமல் பேசிய பிறகும் கவுண்டி வாரியம் அனுமதி கொடுத்தது. 2025 ஆகஸ்டில் நீதிமன்றம் அந்த நிலப் பயன்பாட்டு மாற்றத்தைச் செல்லாது என்றது. காரணம் காடும் இல்லை, போர்க்களமும் இல்லை. பொதுமக்களுக்கான அறிவிப்பை முறைப்படி வெளியிடவில்லை என்பதுதான். பக்கத்து லவுடன் கவுண்டியில், வாரியத்தைக் கேட்காமலே தரவு நிலையம் கட்டலாம் என்றிருந்த வசதியை 2025 மார்ச்சில் எடுத்துவிட்டார்கள். இனி ஒவ்வொன்றும் மக்கள் முன்னால் வந்தாக வேண்டும்.

“இங்கே சிங்கப்பூரில் யாரிடம் போய்ப் பேசுவது?” என்று கூட்டத்தில் கேட்டார்கள். நியாயமான கேள்வி. நமக்குக் கவுண்டி இல்லை. நகர மன்றம் புளோக்கையும் மின்தூக்கியையும் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். எந்த நிலம் எதற்கு என்று வரைவது நகர மறுசீரமைப்பு ஆணையம். அப்புறம், தரவு நிலையத்துக்கு இங்கே நிலத்தைவிட மின்சாரத்தில்தான் பிடி. 2019இல் புதியவற்றை நிறுத்தி வைத்தார்கள். 2020இல் நாட்டின் மின்சாரத்தில் சுமார் 7 விழுக்காடு இவற்றுக்கே போனது. 2022இல் கதவைக் கொஞ்சம் திறந்து, 2023இல் நான்கு விண்ணப்பங்களுக்கு மட்டும், மொத்தம் 80 மெகாவாட் அளவுக்கு இடம் கொடுத்தார்கள். 2024இல் இன்னும் 300 மெகாவாட்டாவது சேர்க்கலாம் என்றார்கள், சிக்கனமாக ஓடினால். வெப்பமண்டலத் தரநிலை ஒன்றும் வந்திருக்கிறது: கணினி அறையை 26 பாகைக்கு மேலும் வைத்து ஓட்டலாம். நம் கூட்ட அறையில் குளிர் தாங்காமல் போர்வையோடு வருபவர்கள் கவனிக்க.

மலேசியாவின் ஜொகூர் விஷயமும் வந்தது. இங்கே பிடி இறுகியதும் நிறையப் பேர் பாலத்தைத் தாண்டிக் குலாய், செடெனாக் பக்கம் போனார்கள். அங்கே நிலம் மாநில அரசின் அதிகாரம். 2024இல் தனிக் குழு அமைத்து, வந்த விண்ணப்பங்களில் ஏறக்குறைய 30 விழுக்காட்டை மறுத்தார்கள். குலாய்த் தோட்டத்தில் பிறந்த நம் மூத்த உறுப்பினர் அம்மா, “பால்மரம் போய்ச் செம்பனை வந்துச்சு, இப்போ செம்பனை போய்க் கம்ப்யூட்டர் வருது” என்றார். அவருக்கு வருத்தமா வேடிக்கையா என்று எனக்குப் பிடிபடவில்லை.

2025 அக்டோபரில் ஜூரோங் தீவில் 20 ஹெக்டர் ஒதுக்கி, 700 மெகாவாட் வரையிலான தரவு நிலையப் பூங்கா என்று அறிவித்தார்கள். கடலைத் தூர்த்து ஏழு தீவுகளை இணைத்த தொழிற்பேட்டை அது. அங்கே கட்டுவதில் எனக்குப் புகார் இல்லை. நம் காலை வணக்கப் பூப்படங்கள் எங்காவது இருந்துதானே ஆக வேண்டும். என் கவலை, தானாக வளர்ந்த காட்டை நாம் காடு என்கிறோம், வரைபடம் வேறு பெயர் வைத்திருக்கிறது. கிளமெண்டி காட்டுக்காக 2020இல் பலரும் குரல் கொடுத்தபோதுதான், அது 1998 முதலே குடியிருப்புக்கான நிலம் என்று நம்மில் பலருக்குத் தெரிந்தது. அந்த 22 ஆண்டுகளும் படம் எல்லாருக்கும் திறந்தே இருந்தது.

அதனால் மேக்ஸ்வெல் ரோட்டில் இருக்கும் நகர மறுசீரமைப்பு ஆணையத்துக்குப் போனோம். எந்த நிலம் எதற்கு என்று காட்டும் பெருந்திட்டத்தின் வரைவு ஜூன் 25 முதல் அங்கே மக்கள் பார்வைக்கு இருந்தது. நாம் போனது அக்டோபரில், ஒன்பது பேர். தாமதம்தான். தொழில் இடங்கள் ஊதா, பூங்கா பச்சை, இன்னும் முடிவாகாத ஒதுக்கு நிலம் மஞ்சள். நாம் நடை போகும் மரக்கூட்டம் ஒன்று முழுக்க மஞ்சளில் கிடந்தது. அதைப் பற்றிக் கருத்துக் கடிதம் எழுதினோம். கடிதமும் பதிலும் பின்மேசையில் இருக்கின்றன. கையெழுத்து வேட்டை வேண்டாம் என்று செயலவை முடிவெடுத்தது. மூவர் எதிர்த்தார்கள்.

இன்றைய தீர்மானம் ஒன்றுதான்: செயலவையில் வரைபடப் பொறுப்பாளர் என்று ஒரு பதவி. வேலை, பெருந்திட்டத் திருத்தங்கள் பார்வைக்கு வரும் வாரமே குழுவில் சொல்வது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை வரும் பெரிய திருத்தத்துக்குக் காத்திருக்க வேண்டாம், நடுவில் சின்னச் சின்ன மாற்றங்களும் வருகின்றன. கணினித் தம்பியின் பெயரை அவர் இல்லாத நேரத்தில் முன்மொழிந்திருக்கிறார்கள். அவர் இப்போது வந்துவிட்டதால், மறுக்க வாய்ப்பு உண்டு.

புதுக் கறிவேப்பிலைக் கன்று கோட்டுக்கு உள்ளே மூன்றடி தள்ளி நட்டிருக்கிறோம். இலை பறிக்க இன்னும் ஓர் ஆண்டு பொறுங்கள். சந்தா பாக்கியைப் பொருளாளரிடம் இன்றே கட்டலாம்.